கடன் என்னும் ஒரு சொல்

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பொருள் ஒன்று. செய்தே தீரவேண்டிய கடமை மற்றொன்று. 'காலைக்கடன்' என்றால் எவரும் வட்டியை நினைப்பதில்லை. 'வீட்டுக்கடன்' என்றால் எவரும் அறத்தை நினைப்பதில்லை. ஆங்கிலம் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகப் பிரித்துக்கொண்டுவிட்டது. ருஷ்ய மொழியோ தமிழைப் போலவே நிற்கிறது. 'தோல்க்' என்பது அங்கே கடனையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். மலேசியாவிலிருந்து ருஷ்யாவுக்கு மருத்துவம் பயிலச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளின் ஆறாண்டு வாழ்வும், அதற்குப் பின்னர் வரும் வாழ்வும், இந்த ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு இடையேதான் நடந்துகொண்டிருக்கின்றன.

சுங்கை பூலோ இதை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர். ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைத் தோட்டம் இங்கே இருந்தது. புதிய இன ரப்பர் மரங்கள் பிறந்த அந்நிலத்தில் பால்மரம் சீவியவர்களுள் தமிழர் பலர். அந்தத் தோட்டம் இன்று குவாசா டாமான்சாரா என்னும் புதுநகராக மாறிவருகிறது. 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் விரைவு ரயிலும் ஓடத் தொடங்கியது. 1930 இல் நிறுவப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பும் இவ்வூரில்தான் இருக்கிறது. அக்குடியிருப்பின் ஒரு பகுதி 2007 இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் மருத்துவப் புலம் எழுந்தது. ஊரிலேயே பெரிய அரசு மருத்துவமனையும் உண்டு. 2020 இல் கோவிட் தொற்று பரவியபோது நாடே அதன் பெயரை நாள்தோறும் கேட்டது.

ஆக, மருத்துவமனையும் மருத்துவப் புலமும் வாசலிலேயே இருக்கின்றன. ஆயினும் அப்பல்கலைக் கழகம் பூமிபுத்திரா மாணவர்க்கென அமைந்தது. ஏனைய அரசுப் பல்கலைக் கழகங்களில் 2002 இல் தகுதி முறை வந்தது என்றாலும், அதற்கு இட்டுச் செல்லும் மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் பூமிபுத்திரா அல்லாதார்க்குப் பத்தில் ஒரு பங்கே ஒதுக்கப்பட்டது. 2019 இல் இடங்கள் இருபத்தையாயிரத்திலிருந்து நாற்பதாயிரமாக உயர்ந்தபோதும் அந்த விழுக்காடு அப்படியே இருந்தது. இதன் நியாயம் எது, அநியாயம் எது என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது. வீட்டு வாசலில் தெரியும் கட்டடத்தை விட்டுவிட்டு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பிள்ளை ஏன் போக நேர்கிறது என்பதை விளக்குவதற்கு இவ்வளவு போதும்.

சோவியத்து நாட்டில் கல்வி விற்பனைப் பொருளாக இருந்ததில்லை. 1960 இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் தோன்றியது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மாணவர்கள் அங்கே கட்டணமின்றிப் படித்தார்கள். கைச்செலவுக்கு உதவித் தொகையும் பெற்றார்கள். அந்நாட்டுப் பட்டதாரிகளோ படித்து முடித்ததும் அரசு காட்டிய ஊரில் மூன்றாண்டு பணியாற்ற வேண்டும். கடனைக் கடமையாக மாற்றிக் கழிக்கும் முறை அது. அதில் வற்புறுத்தல் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1991 இல் அந்த நாடு கலைந்தது. பல்கலைக் கழகங்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. வெளிநாட்டு மாணவரின் கட்டணம் அவற்றுக்கு ஊன்றுகோலாயிற்று. மாஸ்கோ, கூர்ஸ்க், வோல்கோகிராத், நீழ்னி நோவ்கோரத் முதலிய நகரங்களுக்கு மலேசிய மாணவர்கள் சென்றது அதற்குப் பின்னர்தான்.

இலண்டனையும் மெல்போர்னையும் நோக்கக் கட்டணம் குறைவுதான். ஆனால் யாருக்குக் குறைவு? தேசிய உயர்கல்விக் கடன் நிதி உள்நாட்டில் படிப்போர்க்கே உரியது. ஆகவே தந்தையின் ஊழியர் சேமநிதியிலிருந்து ஒரு பகுதி வெளியே வரும். தாயின் நகைகள் அடகுக் கடைக்குப் போகும். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். வெள்ளியின் மதிப்பு இறங்கும்போதெல்லாம் கடன் தானே ஏறும். 2022 மார்ச்சில், உக்ரேன் போரை அடுத்து, பன்னாட்டுப் பண அட்டை நிறுவனங்கள் ருஷ்யாவில் தம் சேவையை நிறுத்தியபோது, கையில் பணமிருந்தும் பிள்ளைக்கு அனுப்ப வழியறியாமல் பெற்றோர் திகைத்தனர். 2024 ஆகஸ்டில் கூர்ஸ்க் மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே போர் புகுந்தது.

இனி, அங்கே மாணவரின் வாழ்வு. செப்டம்பர் முதல் நாள் கல்வியாண்டு தொடங்கும். விடுதியில் ஓர் அறைக்கு இருவர் அல்லது மூவர்; ஒரு மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. அங்கே சாம்பாரின் மணமும் நைஜீரிய மாணவரின் குழம்பு மணமும் ஒன்றையொன்று தாண்டப் பார்க்கும். இலையுதிர் காலத்தில் குளிர் வந்துவிடும். ஆனால் நகராட்சி வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிடும் நாள் வரைக்கும் கம்பளிதான் துணை. திறந்துவிட்ட பின்னரோ அறை சூடேறிச் சன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. சுங்கை பூலோவின் நாற்றங்கால்களிடையே வளர்ந்த பிள்ளைக்கு, பிற்பகல் நான்கு மணிக்கே இருண்டுவிடும் டிசம்பர் மாதம் உடம்பைக் காட்டிலும் மனத்தையே மிகுதியாக வாட்டும்.

தேர்வு முறையும் புதிது. எழுத்துத் தேர்வுகளிலேயே பழகியவர்கள் அங்கே ஆசிரியர்முன் நேரே அமர வேண்டும். மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்ட சீட்டுகளுள் ஒன்றை எடுத்து, அதிலுள்ள வினாக்களுக்கு வாய்மொழியாக விடை பகர வேண்டும். ஐந்து என்பது மிக உயர்ந்த மதிப்பெண். இரண்டு வந்தால் தோல்வி. மனப்பாடம் செய்ததை எழுதிவிட்டு எழுந்து வருவதற்கு அங்கே இடமில்லை. ஆசிரியர் இடைமறித்து 'ஏன்?' என்பார். ருஷ்யக் கல்வியைக் குறைவாகப் பேசுவோர் இந்த ஒரு சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தது எனச் சொல்வதற்கில்லை என்பதும் உண்மை. அன்று உக்ரேனைச் சேர்ந்திருந்த கிரிமியாவின் மருத்துவப் பல்கலைக் கழகத்துக்கு வழங்கிய அங்கீகாரத்தை மலேசிய அரசு 2005 இல் மீட்டுக்கொண்டபோது, எத்தனையோ இந்தியக் குடும்பங்களில் அடுப்பெரியவில்லை.

முதல் ஆண்டுகளின் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். மருத்துவமனைக்குள் சென்றதும் ஆங்கிலம் வாசலிலேயே நின்றுவிடும். படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு ருஷ்ய மொழி மட்டுமே தெரியும். 'எங்கே வலிக்கிறது?' என்பதை அவர் மொழியிலேயே கேட்டாக வேண்டும். அவர் தம் வயிற்றைத் தொட்டுப் பார்க்க அயல்நாட்டு மாணவனுக்கு இசைவு தருகிறார். அவன் தவறான இடத்தில் அழுத்துகிறான். முகம் சுளித்துப் பொறுத்துக்கொள்கிறார். பத்துப் பேர் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராக அழுத்துகிறார்கள். அவருக்கு இதனால் ஓர் ஊதியமும் இல்லை. அவனுடைய தந்தை செலுத்திய கட்டணத்தில் ஒரு காசும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அறம் பற்றிய வினா இங்கேதான் எழுகிறது. ஒரு மருத்துவ மாணவன் யாருக்குக் கடன்பட்டவன்?

பெற்றோர்க்கு என்பதே உடனே வரும் விடை. அதை ஏற்றுக்கொண்டு, ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். நான்காம் ஆண்டில் ஒரு மகள் தொலைபேசியில் அழைக்கிறாள். மருத்துவம் தனக்கு ஒவ்வவில்லை, நோயாளியைக் கண்டாலே மனம் நடுங்குகிறது என்கிறாள். "நீங்க போட்ட பணத்த எப்படியாச்சும் சம்பாதிச்சுக் குடுத்துடுறேன், அப்பா" என்றும் சொல்கிறாள். நெடுநேரம் பேசாதிருந்த தந்தை, "பணமா கேட்டேன், தாயி?" என்கிறார். தந்தை கேட்டது பணமன்று, உண்மைதான். ஆனால் அவர் எதைக் கேட்டார்? மகளின் வாழ்வையா? திருமண அழைப்பிதழில் பெயருக்கு முன்னே வரும் 'டாக்டர்' என்னும் சொல்லையா? தாம் கொடுத்ததைக் கடமை என்றே கொடுத்தவர், திரும்பப் பெறும் வேளையில் அதைக் கடனாக எழுதிக்கொள்ளலாமா?

புறநானூற்றில் ஒரு தாய் பேசுகிறாள். பெறுவது தன் கடன் என்கிறாள். மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன். வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கும், நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கும் உரிய கடன் என்று அடுக்குகிறாள். இறுதியில் மகனுக்கும் ஒரு கடன் உண்டு. வியப்பு என்னவென்றால், அக்கடன் தாய்க்கன்று, தந்தைக்கன்று, கொல்லனுக்குமன்று. அவன் களம் சென்று யானையை வீழ்த்தி மீள வேண்டும் என்பதே அது. எல்லாரும் அவனுக்குக் கொடுக்கிறார்கள். அவனோ கொடுத்தவர்க்குத் திருப்பித் தராமல், தன் முன்னே இருக்கும் களத்துக்குத் தருகிறான். போர்க்களம் இன்றைக்கு வேண்டா. ஆயினும் கடன் பின்னோக்கிப் போவதில்லை, முன்னோக்கியே போகிறது என்னும் அக்கருத்தை விடுவதற்கில்லை.

கூர்ஸ்க் நகரத்துப் பாட்டிக்கு அந்த மாணவன் எவ்வாறு திருப்பித் தர முடியும்? அவன் தேர்ச்சி பெறும் நாளில் அவர் உயிரோடிருப்பாரோ என்னவோ. சுங்கை பூலோவின் தொழுநோயாளர் குடியிருப்பும் இதையே சொல்கிறது. தாப்சோன் என்னும் மருந்துக்குத் தொழுநோய்க் கிருமி எதிர்ப்பாற்றல் பெறக்கூடும் என்பதை 1964 இல் மெய்ப்பித்தது இங்குள்ள நோயாளிகளிடம் நடந்த ஆய்வுதான். உற்றாரால் ஒதுக்கப்பட்டுப் பூச்செடி வளர்த்து வாழ்ந்த அம்மக்களின் உடம்பிலிருந்து உலகம் ஒன்றைக் கற்றுக்கொண்டது. அவர்களுக்கு எந்த மருத்துவர் கடன் தீர்த்தார்? அதைத் தீர்ப்பதென்றால் அடுத்த நோயாளியிடம்தான் தீர்க்க முடியும்.

ருஷ்யாவிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அந்தோன் செக்கோவின் பாட்டனார் பண்ணையடிமை. 1841 இல் பணம் கொடுத்துத் தம் குடும்பத்தின் விடுதலையை வாங்கியவர். தந்தை மளிகைக் கடை வைத்து நொடித்து, 1876 இல் கடன்காரர்க்கு அஞ்சி மாஸ்கோவுக்கு ஓடிப் போனார். செக்கோவ் 1879 முதல் 1884 வரை மாஸ்கோப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படித்தார். அந்த மருத்துவப் புலம்தான் 1930 இல் தனிக் கல்லூரியாகப் பிரிந்து இன்று செச்செனோவ் பல்கலைக் கழகமாக விளங்குகிறது. படிக்கும்போதே நகைச்சுவை இதழ்களுக்குக் கதை எழுதி, பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காத்தார். பணக்கடனைப் பேனாவால் அடைத்தவர், ஏழை உழவரிடம் மருத்துவத்துக்குப் பணம் கேட்டதில்லை. 1890 இல் கைதிகளின் தீவாகிய சகாலினுக்குப் புறப்படும்போது, மருத்துவத்துக்குத் தாம் பட்ட கடனைச் சிறிதேனும் தீர்க்க வேண்டும் என்று நண்பர்க்கு எழுதினார். மூன்று மாதங்களில் ஏறக்குறைய பத்தாயிரம் குறிப்பட்டைகளில் அங்கிருந்தோரின் நிலையைப் பதிவு செய்தார். அவர் காசநோயாளி என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

செக்கோவைக் காட்டி ஏழைக் குடும்பத்தின் வாயை அடைப்பது எளிது, நேர்மையாகாது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பவனுக்குத் தொண்டைப் பற்றிப் போதிப்பவர், தம் வீட்டுப் பத்திரம் எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். படித்து வந்த பிள்ளைக்குப் பணிப்பயிற்சி இடம் கிடைக்கக் காத்திருப்பு. அதன்பின் கட்டாய அரசுப் பணி. 2016 இறுதியில் ஒப்பந்த முறை வந்தபின் நிலையான வேலைக்கும் உறுதியில்லை. 2021 ஜூலை 26 ஆம் நாள், தொற்றின் கொடுமை உச்சத்திலிருந்தபோது, ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அவர்களைக் கடமை தவறியவர்கள் எனச் சிலர் ஏசினர். கடன் சுமப்பவனிடம் கடமையை மட்டும் பேசுவது என்ன முறையோ!

ஆகவே இரு பொருளையும் பிரித்தே பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கிக் கடன் அடைபட வேண்டும். அந்த மகள் மருத்துவராகாவிட்டாலும் அடைபட வேண்டும். அதை அவளும் உடன்பிறந்தாரும் பகிர்ந்துகொள்வது நியாயம். தாயின் நகை மீள வேண்டும். ஆனால் அந்தக் கணக்கோடு தந்தையின் உரிமை முடிகிறது. அவளுடைய ஆயுளை அக்கணக்கில் வரவு வைக்க அவருக்கு உரிமையில்லை. மருத்துவத்தை விரும்பியே கற்றவனுக்கும் இது பொருந்தும். முதலீட்டை மீட்கும் வேகத்தில் அவன் தன் அறைக்குள் வரும் நோயாளியைப் பார்ப்பானானால், தந்தை வாங்கிய கடனை அந்த நோயாளியின் தலையிலன்றோ கட்டுகிறான்!

இதில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. எஸ்.பி.எம். தேர்வில் எட்டு ஏ, ஒன்பது ஏ பெற்ற பிள்ளையை மேடையில் நிறுத்தி, "அடுத்து டாக்டர்தானே?" என்று ஒலிபெருக்கியில் கேட்பவர் யார்? கூட்டம் கைதட்டுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை தலையசைக்கிறது. பெரும்பாலும் அக்கணத்திலேயே ஆறாண்டும் ஒரு வீடும் முடிவாகிவிடுகின்றன. விருப்பம் என்ன என்று தனியே அழைத்துக் கேட்ட ஆசிரியர் எத்தனை பேர்?

நம் பிள்ளைகள் மருத்துவத்துக்காக மாஸ்கோ சென்ற அதே காலத்தில், மாஸ்கோ அரசுப் பல்கலைக் கழகத்தில் ஒரு ருஷ்யர் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 1941 இல் பிறந்தவர். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்து தோய்ந்தவர். 2020 நவம்பரில் கோவிட் தொற்றினால் மறைந்தார். தமிழுக்கு அவர் பட்ட கடன் ஏதுமில்லை. எவரும் அவருக்காக நகையை அடகு வைத்துத் தமிழ் படிக்க அனுப்பவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் சில ருஷ்ய மாணவர்க்கு அவர் 'அ'கரம் எழுதக் கற்றுக்கொடுத்தார்.

மலேசியாவில் நேரம் ஐந்து மணி முந்தியது. சுங்கை பூலோவில் இரவு பதினொன்றாகும்போது கூர்ஸ்க் நகரில் மாலை ஆறு. மகள் விடுதிக்குத் திரும்பும் நேரம் அது. அந்தத் தந்தை விளக்கை அணைக்காமல், தொலைபேசியைக் கையில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். இந்த முறை என்ன கேட்பது என்று அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை.