யாருடைய செலவில் நோன்பு?

கடமையான நோன்பைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். றமழான் பிறை தென்பட்டதும் பத்திரிகைகளும் வானொலியும் அந்தப் பணியைத் தொடங்கிவிடும். நான் எழுத நினைத்தது ஸுன்னத்தான நோன்பைப் பற்றி. பிடித்தால் நன்மை, விட்டால் குற்றமில்லை என்று மார்க்கம் நம்முடைய விருப்பத்திற்கு விட்டிருக்கும் நோன்பு அது. நாமாக விரும்பிச் செய்யும் ஒரு வணக்கத்தின் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வி 2022ஆம் ஆண்டிலிருந்து என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, சல்லிக் கரையோரத்தில் உள்ள ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். முத்துமாரி அம்மன் கோயிலும் கடல் தொழிலுமாக வாழும் ஊர் இது. என் வகுப்புப் பிள்ளைகளில் அநேகர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். றமழானில் மட்டும் “சேர் நோன்பு” என்று அவர்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் நான் பிடிக்கும் நோன்பு தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றே நானும் இருந்தேன். பிறர் கண்ணில் படாத வணக்கம் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

2022 ஓகஸ்ட் மாதத்தின் முதல் வியாழக்கிழமை. முஹர்ரம் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். கிழமையில் மூன்று நாட்கள்தான் பாடசாலை. கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் பருவம் அது. ஆனால் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மணலில் கிடந்தன. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். இரண்டு தடவை கூப்பிட்டேன், எழும்பவில்லை. மூன்றாம் தடவை வாயில் வந்தபடி ஏசிவிட்டேன். வகுப்பு உறைந்துபோனது. முன் வாங்கில் இருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “சேர், அவன் நேற்று இரவும் சாப்பிடேல்லை.”

நானும் அன்று பசியோடுதான் இருந்தேன். ஆனால் ஸஹருக்குச் சோறும் மீன் ஆணமும் உண்டு, தண்ணீரும் குடித்து, நிய்யத்தும் வைத்து வந்த பசி என்னுடையது. மாலையில் முடியும் என்று நேரம் குறித்த பசி. அவனுடைய பசிக்கு நிய்யத்தும் இல்லை, மஃரிபும் இல்லை. என் பசியை நன்மையாக எழுதிக்கொண்ட நான், அவன் பசியைக் குற்றமாக எழுதியிருந்தேன்.

இடைவேளையில் கடையில் பணிஸும் பிளேன்டீயும் வாங்கி வந்து அவனை ஓர் ஓரமாக இருத்தினேன். அவன் தொடவில்லை. “நீங்களும் சாப்பிடுங்கோ சேர்” என்றான். இரக்கப்பட்டுக் கொடுப்பவன் பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் தின்ன அவனுக்கு மனம் வரவில்லை. எனக்கு நோன்பு என்று சொல்லியிருக்கலாம். விருந்துக்கு அழைக்கப்பட்டவர் நோன்பாளியாக இருந்தால் அப்படிச் சொல்ல ஹதீஸில் வழி உண்டு. ஆனால் சற்று முன் அவனை ஏசிய வாயால் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. பணிஸைப் பிய்த்துப் பாதியை நான் தின்றேன், பாதியை அவன் தின்றான்.

செய்தது சரியா? நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, ஸுன்னத்தான நோன்பை இடையில் விட்டவர் மீது களாக் கடமை இல்லை. ஹனபி மத்ஹபில் களாச் செய்ய வேண்டும். இரண்டிலும் விருந்தாளிக்காகவோ விருந்தளிப்பவருக்காகவோ அதை விட இடம் உண்டு. சட்டம் இத்தனை எளிது. என்னைத் தடுமாற வைத்தது சட்டமல்ல. அன்றிரவு உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “பணிஸ் தின்னக்குள்ளயா நோன்பு போன? பொடியனை ஏசக்குள்ளயே போயிட்டு மகன்” என்றார். ஏசியதால் நோன்பு சட்டப்படி முறியாது என்று எனக்குத் தெரியும். அதன் உயிர் போய்விடும் என்பதை உம்மா கிதாபு படிக்காமலே அறிந்திருந்தார். வயிற்றின் நோன்பைக் கீழ்ப்படியில் வைத்து, நாவும் கண்ணும் ஏனைய உறுப்புகளும் நோற்கும் நோன்பை அதற்கு மேல் வைத்தார் இமாம் கஸ்ஸாலி. உம்மா சொன்னதும் அதைத்தான்.

ஸல்மான் (ரழி), அபூதர்தா (ரழி) சம்பவம் நமக்குத் தெரிந்ததே. நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்த இருவர். அபூதர்தாவின் வீட்டுக்கு வந்த ஸல்மான், நீர் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன் என்று சொல்லி அவருடைய நோன்பை விடவைத்தார். இரவில் தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார். நபியவர்கள் ஸல்மான் சொன்னதே உண்மை என்றார்கள். அச்சம்பவத்தை விருந்தோம்பலுக்கு உதாரணமாகவே கேட்டு வளர்ந்தோம். அதன் தொடக்கத்தை நாம் கவனிப்பதில்லை. ஸல்மான் அவ்வீட்டில் முதலில் கண்டது, அலங்காரம் எதுவுமின்றிப் பழைய உடையில் இருந்த அபூதர்தாவின் மனைவியை. தம் கணவருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்று அப்பெண் சொன்னார். கணவரின் பகல் நோன்புக்கும் இரவுத் தொழுகைக்கும் செலவு கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஸல்மான் அந்தக் கணக்கைப் பார்த்தார்.

இன்னொரு சம்பவம் வெயிலில் நடந்த பயணம். சிலர் நோன்பு பிடித்திருந்தார்கள், சிலர் விட்டிருந்தார்கள். இறங்கிய இடத்தில் நோன்பாளிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நோன்பை விட்டவர்களே கூடாரம் அடித்து, வாகனப் பிராணிகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இன்றைய கூலியை அவர்களே கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள் நபியவர்கள். பட்டினி கிடந்தவனின் பங்கு வேலையைச் செய்தவனுக்குக் கூலி போனது.

நோன்புக்கு உகந்த நாட்களையும் ஆகாத நாட்களையும் இந்தக் கணக்கோடு பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. திங்களும் வியாழனும், ஒவ்வொரு மாதமும் பிறை 13, 14, 15, ஷவ்வாலில் ஆறு, துல்ஹஜ் 9, முஹர்ரம் 9, 10 - இவை உகந்தவை. இரண்டு பெருநாட்களிலும், துல்ஹஜ் 11, 12, 13இலும் நோன்பு கூடாது. அவை ஊரோடு கூடி உண்ணும் நாட்கள். அறஃபா நாளின் நோன்பு இரண்டு வருடப் பாவங்களுக்குப் பரிகாரம் என்று சொல்லப்பட்டிருந்தும், அறஃபாப் பெருவெளியில் நின்ற நபியவர்கள் எல்லோரும் பார்க்கப் பால் அருந்தினார்கள். ஹாஜிக்கு அன்று வேறு வேலை இருக்கிறது. நாள் ஒன்றுதான், ஆனால் அன்று உன் மீது யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பொறுத்து நோன்பின் பெறுமதி மாறுகிறது.

இதைச் சாட்டாக்கி நோன்பை விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் தினமும் நோற்க விரும்பிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரழி) அவர்களிடம், உடலுக்கும் மனைவிக்கும் விருந்தாளிக்கும் உரிமை உண்டு என்று சொன்ன நபியவர்கள், நோன்பையே விட்டுவிடச் சொல்லவில்லை. மாதத்தில் மூன்று நாள் என்றார்கள். அவர் மேலும் வற்புறுத்தவே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை எல்லையாக வைத்தார்கள். முதுமையில் அவர், அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். இளமையில் நாம் ஏற்கும் வணக்கத்துக்கு முதுமையின் உடலும் செலவு கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் நோன்பை விடவில்லை. நம் நாட்டில் பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. பிறை 13, 14, 15இல் ஒரு நாளாவது பெரும்பாலும் அதோடு சேர்ந்து வரும். அன்று என் பசியால் எந்தப் பிள்ளைக்கும் நட்டமில்லை. வியாழன் நோன்பு மட்டும் இன்னும் பயத்தோடுதான் நடக்கிறது. பகல் பத்து மணிக்கு மேல் குரல் உயர்கிறதா என்று என்னையே கவனித்துக்கொள்கிறேன். அன்றைய பகல் சாப்பாட்டுக் காசில் பிஸ்கட் வாங்கி மேசை லாச்சியில் வைத்துவிடுகிறேன். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் யாரென்று இப்போது முகத்தைப் பார்த்தே தெரிகிறது. சேர் ஏன் தின்பதில்லை என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டால், அன்றைக்கும் பாதியைப் பிய்த்து வாயில் போட வேண்டிவரலாம்.