கூடி ஓதுவதால் யாது பயன்?



சென்ற பௌர்ணமி நாளில் வந்தனை முடிந்து யாவரும் எழுந்து செல்லும் வேளையில், இளைஞர் ஒருவர் நம்மை அணுகி ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, சடங்குகளைப் பற்றிக்கொள்வது மனிதனைப் பிணிக்கும் தளைகளுள் ஒன்று எனப் பகவான் போதித்ததாகத் தாங்களே சொற்பொழிவில் கூறுகிறீர்கள். அவ்வாறாயின், நாம் வரிசையாய் அமர்ந்து, ஒரே நேரத்தில் கைகுவித்து, ஒரே குரலில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுவது சடங்கன்றோ? விட்டு வந்த வீட்டின் மணியை இங்கே வேறு பெயரால் அடிக்கின்றோமா?" என்றார்.

வினா நேர்மையானது. சினந்து கடிந்து அனுப்பிவிடத் தக்கதன்று. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அதனை இங்கு விரித்து ஆராய்வோம்.

நாம் பள்ளியில் பயின்றது சொற்பம். ஆலையே நமக்குப் பாடசாலை. அங்கு கண்டதிலிருந்தே தொடங்குவோம். ஒரு சமயம் பழைய கார்டிங் இயந்திரம் ஒன்றை ஒரு கொட்டகையிலிருந்து மற்றொரு கொட்டகைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 18 பேர் கயிறும் கடப்பாரையும் உருளைக் கட்டைகளும் கொண்டு முயன்றோம். அவரவர் தத்தம் முழுப் பலத்தையும் காட்டியும் இயந்திரம் இம்மியும் அசையவில்லை. பின்னர் முதிய மேஸ்திரி ஒருவர் முன்னே நின்று "ஏலேலோ" என்று குரலெடுத்தார். "ஐலசா" என்று விடை கூறி யாவரும் ஒரே கணத்தில் இழுத்தோம். இயந்திரம் நகர்ந்தது. பலம் கூடவில்லை, காலம் ஒன்றாயிற்று, அவ்வளவே. இடையில் நம் கால் வழுக்கியபோது அருகிலிருந்த தோழர் பாய்ந்து நம் கையைப் பற்றித் தூக்கினார். அக்கணத்தில் அவர் நம் சாதியை எண்ணவில்லை.

வேலை முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அனைவரும் ஆலை வாயிலிலிருந்த தேநீர்க்கடைக்குச் சென்றோம். அங்கே நம்மவர்க்கெனத் தனிக் குவளை ஆணியில் தொங்கிற்று. நம்மைத் தூக்கிவிட்ட தோழர் கண்ணாடிக் குவளையில் பருகினார். நாம் தகரக் குவளையில் பருகினோம். அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. நாமும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டகையில் பிறந்த ஒற்றுமை வாயிற்படியைத் தாண்டுமுன் எங்கே மறைந்தது? இளைஞரின் வினாவிற்கு விடை இவ்விடத்தில்தான் ஒளிந்திருக்கின்றது.

கூடி இயங்குவதில் ஒரு சக்தி உண்டு என்பதில் ஐயமில்லை. அறிஞர் பலர் இதனைச் சோதித்தும் கண்டுள்ளனர். 1941ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையில் சேர்ந்து பயிற்சி பெற்ற வில்லியம் மக்நீல் என்பார் பிற்காலத்தில் பெரும் வரலாற்றாசிரியரானார். பயிற்சித் திடலில் பிறரோடு அடியெடுத்து நடந்தபோது தம் உள்ளம் விரிந்து பெருகியதாக உணர்ந்ததை அவர் மறக்கவேயில்லை. 1995இல் கூட்டு நடனத்தையும் படைப்பயிற்சியையும் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். வில்டர்மத், ஹீத் என்னும் இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மும்மூவராகச் சிலரை அடியொத்தும், வேறு சிலரை இயல்பாகவும் நடக்கச் செய்தனர். பின்னர், ஒருவரையொருவர் நம்பினாலன்றி அனைவர்க்கும் ஆதாயம் கிட்டாத ஒரு விளையாட்டில் அவர்களை ஈடுபடுத்தினர். அடியொத்து நடந்தவரே பிறரை மிகுதியும் நம்பினர். அதற்கு அடுத்த ஆண்டில், நான்கு வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், கூடிப் பாடி ஆடிய குழந்தைகள் பின்னர் ஒருவருக்கொருவர் அதிகம் உதவினர். அதே 2010இல், ஆக்ஸ்போர்டு நகரப் படகோட்டிகள் தனித்துத் துடுப்பு வலித்தபோதினும், அதே உழைப்பைக் கூடிச் செய்தபோது வலியை அதிகம் தாங்கினர் என்றும் கண்டனர். இத்தகைய பயன் எல்லாச் சோதனைகளிலும் ஒரே அளவாய்க் காணப்படவில்லையெனினும், அவை காட்டும் திசை தெளிவானது. ஆலையில் நம் தோள்கள் அறிந்ததும் இதுவே.

ஆயினும் நண்பர்களே, இச்சக்தி அறமாகுமா? ஆகாது. முன்னர்க் கூறிய வில்டர்மத் என்பாரே 2012இல் மற்றொரு ஆய்வை வெளியிட்டார். ஒருவரோடு அடியொத்து நடந்தவர்கள், அவர் கேட்டுக்கொண்டபடி சிறு பூச்சிகளைக் கொல்வதற்கு மற்றவர்களைக் காட்டிலும் எளிதில் உடன்பட்டனர். பூச்சிகள் உண்மையில் சாகும்படி விடப்படவில்லை. ஆயினும் தாம் கொல்வதாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். முதற் சீலமே இங்கு முறிந்தது காண்க! 1930களில் ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில் லட்சக்கணக்கானோர் ஒரே அடியில் நடந்து ஒரே குரலில் முழங்கினர். அவ்வொற்றுமை யாருக்கு எதிராகத் திரண்டது, எத்தனை உயிர்களைத் தின்றது என்பதை உலகம் அறியும். கூடி இயங்குதல் நெருப்பைப் போன்றது. அடுப்பிலும் எரியும், கூரையிலும் எரியும்.

இனி, தேர்த்திருவிழாவை நோக்குவோம். ஆயிரம் கைகள் ஒரே வடத்தை இழுக்கின்றன. அத்தேர் நம் முன்னோர் வாழ்ந்த தெருவுக்குள் வந்ததுண்டா? அவ்வடத்தை அவர்கள் தொட இயன்றதா? பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் 1936இல் லாகூர் மாநாட்டிற்கென எழுதி, பேச இடந்தரப்படாமல் நூலாக வெளியிட்ட உரையில் இதனை நுட்பமாக விளக்கியுள்ளார். பல சாதியார் ஒரே பண்டிகையைத் தத்தம் இடங்களில் தனித்தனியே கொண்டாடுவதால் மட்டும் அவர்கள் ஒரு சமுதாயம் ஆகிவிடுவதில்லை. ஒரே செயலில் யாவரும் பங்குபெற்று ஒரே உணர்ச்சியை அடைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஒப்பான செயல் வேறு. பங்குபெறும் செயல் வேறு.

ஆலைத் தொழிலாளருக்கு இதற்கொரு சான்று உண்டு. 1928இல் பம்பாய் நூற்பாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. லட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே கோஷம் முழங்கினர். ஆயினும் அவ்வாலைகளின் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதார் எனப்பட்டோர்க்கு இடமில்லை. அறுந்த நூலை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்ததால், அவர் வாய் பட்ட நாடாவைப் பிறர் தொட மறுத்தனர். இக்கொடுமையை நீக்குவதையும் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்குமாறு அம்பேத்கர் அவர்கள் போராட வேண்டியிருந்தது. கோஷம் ஒன்றாயிருந்தும் நாடா ஒன்றாகவில்லை.

இப்பொழுது பகவான் வகுத்த நெறியைக் காண்போம். பிற சமயத்தார் குறித்த நாட்களில் கூடி மக்களின் அன்பைப் பெறுவதைக் கண்ட பிம்பிசார அரசன், பிக்குகளும் அவ்வாறு கூடலாகாதா என விண்ணப்பித்தான். பகவான் இசைந்தார். பிக்குகள் கூடினர், ஆனால் பேசாது வாளா இருந்தனர். மக்கள் குறை கூறினர். அதன்பின் தம்மம் உரைத்தலும், அதற்கும் பின்னர்ப் பாதிமோக்கம் என்னும் ஒழுக்க விதிகளை ஓதுதலும் ஏற்பட்டன. உபோசத நாளில் விதிகள் ஓதப்படுகையில், குற்றம் செய்தவர் அதனை வெளிப்படுத்த வேண்டும், தூயவர் மௌனமாயிருக்கலாம். வெறும் கூட்டத்தைப் பகவான் ஒழுக்கத்தின் கண்ணாடியாக்கினார் என்பது இதனால் விளங்கும். அக்கண்ணாடி முன் மூத்தவரும் இளையவரும், அரச குலத்தில் பிறந்தவரும் நாவிதர் குலத்தில் பிறந்த உபாலியும் ஒருங்கே அமர்ந்தனர்.

இராசகிருகத்தில் மத்தகுச்சி என்னும் மான்வனத்தில் தங்கியிருந்த மகாகப்பினர், "நாம் முற்றும் தூய்மை அடைந்தவராயிற்றே, உபோசதத்திற்குச் செல்ல வேண்டுமா?" என்று எண்ணினார். பகவான் அவரிடம் சென்று, உம் போன்றோரே உபோசதத்தை மதியாவிடில் வேறு யார்தாம் மதிப்பர் என உணர்த்தி, செல்லுமாறு பணித்தார். ஓதுதலால் தூய்மை வந்துவிடும் என்று பகவான் கூறவில்லை. கப்பினர் ஏற்கெனவே தூயவர். அவர் சென்றது பிறர் பொருட்டு. ஆகவே, சடங்கே நம்மைக் கரையேற்றும் என்று பற்றிக்கொள்வதுதான் தளை. ஒருவர்க்கொருவர் துணையாய்க் கூடுவது தளையன்று.

பிணியுற்ற பிக்குவின் பொருட்டு வகுத்த விதியோ நம் நெஞ்சை உருக்குவது. அவர் தம் தூய்மையை மற்றொருவர் வாயிலாகச் சங்கத்திற்குத் தெரிவிக்கலாம். அதுவும் இயலாதாயின் அவரைக் கட்டிலோடு சங்கத்தின் நடுவே சுமந்து வர வேண்டும். அசைத்தால் நோய் மிகுமெனில், சங்கமே அவரிருக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். தேர் வராத தெருவை நினைவு கூருங்கள். சங்கம் நோயாளியின் கட்டிலைத் தேடி வருவதையும் நோக்குங்கள்!

கூட்டம் குலைந்தால் நேர்வது யாது என்பதற்கு வஜ்ஜியர் வரலாறு சான்று. அடிக்கடி கூடி, ஒற்றுமையாய் எழுந்து, ஒற்றுமையாய்ச் செயலாற்றும் வரை அவர்கள் தாழ்வுறார் எனப் பகவான் அருளினார். அமைச்சன் வஸ்ஸகாரன் அவர்களிடையே பிளவை விதைத்தான். பின்னர் முரசு ஒலித்தபோது, "செல்வர் கூடட்டும், வீரர் கூடட்டும்" என்று ஒவ்வொருவரும் ஒதுங்கினர்; நாடு வீழ்ந்தது என்று உரைநூல் கூறும்.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்கள் எழுந்து நின்று, அம்பேத்கர் அவர்கள் கூறக் கூற, சரணங்களையும் சீலங்களையும் 22 உறுதிமொழிகளையும் ஓதினர். அவ்வோசை எவரையும் பகைத்து எழுந்ததன்று. மனிதர் யாவரும் சமம், அதனை நிலைநாட்ட முயல்வேன் என்று ஒவ்வொருவரும் தம்மையே கட்டிக்கொண்ட ஓசை அது.

ஆகவே, கூடி ஓதும் எச்செயலையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்ப்போம். வாயில் யாவர்க்கும் திறந்துள்ளதா? ஓதும் சொல் நம் ஒழுக்கத்தைக் கட்டுகின்றதா, அன்றிப் பிறரை வெறுக்கத் தூண்டுகின்றதா? ஓதி முடித்து வெளியேறியபின் குவளை ஒன்றாயிருக்கின்றதா? நம் ஆலைக் கொட்டகை முதற் கேள்வியில் தேறிற்று, மூன்றாவதில் தோற்றது. "ஐலசா" என்ற சொல் இயந்திரத்தை நகர்த்தும். மனத்தை நகர்த்த அதில் உறுதிமொழி ஏதுமில்லை.

இளைஞரே, உமக்கு நம் விடை இதுவே. இம்மூன்றில் ஒன்றில் நம் வந்தனை தவறுமாயின், அது பழைய மணிதான். தயங்காது கண்டித்துக் கூறுவீராக. கூட்டத்தின் குரலுக்கு அஞ்சி வாய்மூடி இருப்பதும் ஒரு மூடப் பற்றே. சென்ற பௌர்ணமியில் நாம் அனைவரும் இனிய குரலில் ஓதினோம். ஆயினும் மூன்று மாதமாய் வாராதிருந்த மூதாட்டி ஒருவரைப் பற்றி நாம் உட்பட எவரும் கேட்கவில்லை. நீர் வினவிய பின்னரே அது நம் நினைவில் தைத்தது. மறுநாள் அவர் இல்லம் சென்றோம். முடக்குவாதத்தால் கால் அசையாது படுத்திருந்தார். அடுத்த பௌர்ணமி வந்தனை அவர் வீட்டுத் திண்ணையில் நடைபெறும். நீரும் வருக, வினாக்களையும் கொண்டு வருக.

யாவர்க்கும் நலம் உண்டாகுக!