'சரி' என்னும் பொத்தான்

கம்ப்யூட்டரைத் திறந்தவுடன், 'இன்ன கோப்பைக் காணோம்' என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது. 'சரி' என்ற பொத்தானைத் தட்டுகிறோம், மறைந்துவிடுகிறது. சதுரங்கப்பட்டினத்தில் என் நண்பர் ஒருவர் ஒரு வருஷமாக இப்படித் தட்டிவருகிறார். "வேலைதான் நடக்கிறதே!" என்கிறார்.

இதில் என்ன தர்ம விசாரம் என்று நீங்கள் சிரிக்கலாம். இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பெரும்பாலும் காரணம் அற்பமானது. என்றோ நீக்கிய ஒரு சிறு புரோகிராமின் பெயர் துவக்கப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும். போனவனை விண்டோஸ் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது! டாஸ்க் மானேஜரில் அந்தப் பெயரை முடக்கினால் தீர்ந்தது.

ஆனால், எல்லா அறிவிப்பும் அற்பமல்ல. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. தட்டுவதற்கு அங்கே 'சரி' இல்லை. பழுதான கோப்பைப் பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாகப் போய் அழிக்க வேண்டியிருந்தது.

பக்கத்துக் கல்பாக்கத்தில், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த அணு உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். 'மின்சாரம்தான் வருகிறதே' என்று யாரும் இருந்துவிடவில்லை.

அறிவிப்பை அடக்குவது குற்றமல்ல. காரணம் தெரிந்து அடக்குவது பரிகாரம். தெரியாமல் அடக்குவது பழக்கம். அற்பத்தில் பழகிய விரல், ஆபத்து வரும் அன்றைக்கும் அதையேதான் செய்யும்.

மனச்சாட்சி விஷயத்திலும் நம் விரல் அப்படித்தானே பழகியிருக்கிறது?