எந்தப் பதிப்பிலிருந்து?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் சேசிஸைச் செய்தவரல்ல. எங்கே துளை போடலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று சேசிஸ் கம்பெனிதான் சொல்ல வேண்டும். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சேலத்துக் கொலுசுக் கடைக்கு வேர்ட்பிரஸ் பிளகின் எழுதுகிறவர் நிலையும் இதுதான். என்ன, இவருடைய சேசிஸ் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும்.

மாற்றத்தின் சேதி வேர்ட்பிரஸின் மூலநிரலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே ‘சின்ஸ்’ என்ற குறியோடு ஒரு வரி: இது எந்தப் பதிப்பில் வந்தது என்று. பக்கத்தின் பாடி டேக் திறந்தவுடன் இயங்குவதற்காக, 2019 மே மாதம் 5.2இல் ஒரு ஃபங்ஷன் வந்தது. புதிய தீம்கள் அதை அழைத்தன. 5.1லேயே தங்கிவிட்ட தளங்களில் அப்படியொரு ஃபங்ஷன் கிடையாது. பக்கம் செத்து விழுந்தது. இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழைத்திருந்தால் தீர்ந்தது. கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கே அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும்.

பிளகின் எழுதியவரும் தம் பங்குக்கு ரீட்மி கோப்பில் ஓர் எண்ணைப் போடுகிறார்: இந்தப் பதிப்புவரை சோதித்தாயிற்று. அந்த எண் மூன்று பெரிய பதிப்புகள் பின்தங்கினால், வேர்ட்பிரஸ் பட்டியலில் அவர் பிளகின் பக்கத்தில் எச்சரிக்கை தொங்கும். எண்ணை உயர்த்தினால் எச்சரிக்கை போய்விடும். சோதித்தாரா என்பது அவர் மனசாட்சிக்கே வெளிச்சம். குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்ற எண்ணின் கதை இன்னும் மோசம். பழைய பதிப்பை நிறுவிப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை.

வேர்ட்பிரஸோடு கூடவே வரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேகுவெரியில் ‘லைவ்’ என்றொரு மெத்தட் இருந்தது. இனி வேண்டாம் என்று 2011இலேயே எழுதி வைத்தார்கள், 2013இல் எடுத்தும்விட்டார்கள். ஆனால் வேர்ட்பிரஸ், ஜேகுவெரி மைக்ரேட் என்ற துணைக்கோப்பைக் கூடவே வைத்துப் பழைய நிரலைக் காப்பாற்றிவந்தது. கருணைதான். அந்தக் கருணையில் ஏழாண்டுகள் எவருக்கும் குறிப்பைப் படிக்கத் தேவைப்படவில்லை. 2020 ஆகஸ்ட் 11 அன்று வந்த வேர்ட்பிரஸ் 5.5, மைக்ரேட்டைக் கழற்றியது. பல தளங்களில் பட்டன்கள் அழுத்தினாலும் அசையவில்லை. “நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு தம்பி?” என்று கேட்கும் கடைக்காரருக்கு 2011ஆம் ஆண்டுக் குறிப்பை எடுத்துக்காட்டவா முடியும்? கழற்றியதை மீண்டும் மாட்டித் தர வேர்ட்பிரஸ் குழுவே ஒரு பிளகின் வெளியிட்டது.

இப்போது பொருத்தம் பார்ப்பதற்கென்றே வேர்ட்பிரஸில் ஒரு ஃபங்ஷன் உண்டு. தேவையான பதிப்பு இல்லையென்றால் பிளகினை இயக்கவிடாது. அதன் தலையிலும் ‘சின்ஸ்’ வரிகள் உண்டு. 5.2இல் வந்தது, 5.3இலிருந்து பிளகினின் முதன்மைக் கோப்பையும் படித்தது, 5.8இலிருந்து ரீட்மியைப் பார்ப்பதை விட்டுவிட்டது. குறைந்தபட்சத் தேவையை இனி முதன்மைக் கோப்பின் தலையிலேயே எழுத வேண்டும். எதுவரை சோதித்தோம் என்பதை மட்டும் இன்றும் ரீட்மியில் எழுதினால் போதும்.