இசைக்கருவியும் உடைமையறமும்

ஒருவரிடம் ஏற்கெனவே மூன்று இசைக்கருவிகள் உள்ளன. நான்காவதொன்றையும் வாங்க அவர் விரும்புகின்றார். இவ்விருப்பத்தில் ஒழுக்கவியல் சார்ந்த வினா ஏதேனும் உளதா? தம் உழைப்பால் ஈட்டிய பொருளைக் கொண்டு தாம் விரும்பியதை வாங்குவதிற் பிறர்க்குத் தீங்கு யாதுமில்லை. ஆதலின் வினாவுக்கே இடமில்லை என்று பலர் கூறுவர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கரையை அண்டிய என் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அக்கருத்தை மீள ஆராயச் செய்தது.

என்னிடமுள்ளவை யுகுலேலே எனப்படும் நான்கு நரம்புக் கருவிகள். கிற்றாரின் குறுவடிவம் போலத் தோன்றும் இக்கருவியின் வரலாறு நம் பிரதேசத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1879 இல் மதேராத் தீவைச் சேர்ந்த போர்த்துக்கேயர் பலர், கரும்புத் தோட்டங்களிலே தொழில் செய்யும் பொருட்டு ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பலில் ஹவாய்த் தீவுகளை அடைந்தனர். அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ ஆகிய மூவரும் மரவேலையில் வல்லவர்கள். தம் தாயகத்துச் சிறு நரம்புக் கருவியாகிய மஷேத்தை அடியொற்றி, ஹவாயில் வளரும் கோவா மரத்திலே புதிய கருவிகளை அவர்கள் செய்தனர். மன்னர் கலாக்காவா அவற்றை ஆதரித்தார். துள்ளும் தெள்ளுப்பூச்சி என்ற பொருளில் அமைந்த பெயரே இக்கருவிக்கு நிலைத்தது என்பர்.

அதே போர்த்துக்கேயர் 1628 இல் நம் புளியந்தீவிற் கோட்டை கட்டி, பத்தாண்டுகளின் பின் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறிய பின்னரும் அவர்தம் மொழியும் இசையும் இங்கு எஞ்சின. மட்டக்களப்புப் பறங்கியர் மரவேலை, இரும்புவேலை, தையல் ஆகிய கைத்தொழில்களாற் பெயர் பெற்றவர்கள். அவர்களது மணவீடுகளில் வயலினிசைக்கு இயைய ஆடப்பெறும் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் இப்பிரதேசத்தார் நன்கறிந்ததாகும். கடல்களுக்கு அப்பாலுள்ள இரு கரைகளிலும் ஓரினத்தாரின் இசை ஊன்றியிருந்தது என்ற எண்ணமே என்னை முதலில் இக்கருவியின்பால் ஈர்த்தது.

யுகுலேலே நால்வகைப்படும். சொப்ரானோ, கொன்சேர்ட், ரெனர் ஆகியவற்றில் அதிரும் நரம்பின் நீளம் முறையே ஏறத்தாழ 13, 15, 17 அங்குலங்களாம். பரிரோன் இவற்றினும் பெரியது. முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரே சுருதியமைப்பையே உடையன. பரிரோன் மட்டும் கிற்றாரின் மெல்லிய நான்கு நரம்புகளைப் போலச் சுருதி சேர்க்கப்படுவதால் ஆழ்ந்த நாதந் தரும். முதல் மூன்று வகைகளும் என்னிடம் இருந்தன. பரிரோன் இல்லாமை ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியது. எந்த மரம், எத்தகைய நரம்பு என்று மாதக்கணக்கில் ஒப்புநோக்கி வந்தேன்.

அந்நாள்களில் என் தமக்கையின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சொப்ரானோவை எடுத்துச் சிறிது நேரம் மீட்டினாள். பின்னர் அலுமாரியின்மேல் உறைக்குள்ளிருந்த ரெனரைக் காட்டி, “மாமா, இது பாடாதா?” என்று கேட்டாள். “அது விலை கூடினது மகள், தொடாதீங்க” என்றேன். அவள் போன பின்பு உறையைத் திறந்தேன். பூஞ்சண மணம் வீசியது. நரம்புகளைத் தாங்கும் பாலம் பலகையினின்றும் ஒருபுறம் விடுபட்டிருந்தது. வாவியிலும் கடலிலுமிருந்து எழும் ஈரக்காற்று மரத்தை ஊதச் செய்யும். பசையை இளகச் செய்யும். எடுத்துப் புழங்கும் கருவியில் இக்கேடு தொடக்கத்திலேயே கண்ணிற் படும். மூடி வைத்த கருவியில் அது மறைவாக வளரும். விலை மிக்கது என்று யான் காத்த கருவியே பழுதுற்றது. எவரும் எடுத்து மீட்டும்படி வெளியே கிடந்த சொப்ரானோ நலமாயிருந்தது.

நான்காவது கருவியை வேண்டுவதற்கு யான் எனக்குள்ளே கூறிக்கொண்ட நியாயங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, எல்லா நாதங்களையும் ஒரு கருவி தன்னகத்தே கொண்டிருப்பதில்லை என்பது. இஃது உண்மையே. ஆயின், இவ்வுண்மையை எதிர்கொண்ட ஒருவரின் வரலாறு பெரியபுராணத்தில் உள்ளது. திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழிலிட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அப்பாடல்களின் பெருமை யாழினாலேயே பெருகுவதாகத் தருமபுரத்திலிருந்த சுற்றத்தார் கூற, பாணர் மனம் வருந்தி, யாழில் அடங்காத பாடலொன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பெற்ற இசை யாழில் அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியின் அளவுக்கு இயன்றவாறு தொடர்ந்து வாசிக்கும்படி பணித்தார். வேறொரு யாழைத் தேடும்படி அவர் கூறவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. கருவியின் எல்லையை உணர்தல் கலைஞனின் அறிவில் ஒரு பகுதி. அவ்வெல்லைவரை ஒருகாலும் சென்றறியாத என் போன்றவர் அதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. ரெனரின் ஆழத்தையே அறியாத யான் பரிரோனின் ஆழத்தை வேண்டி நின்றேன்.

இரண்டாவது நியாயம் அழகு பற்றியது. நல்ல மரமும் நுண்ணிய வேலைப்பாடும் தம்மளவிலே மதிக்கத்தக்கவை. ஆயினும், நேராகத் தோன்றும் அம்பு கொடுமை செய்தலையும், வளைந்த கொம்புடைய யாழ் இனிமை தருதலையும் சுட்டி, எதனையும் அதன் செயலாலேயே கொள்ளவேண்டும் என்கின்றார் வள்ளுவர். மனிதரின் ஒழுக்கத்தை அளக்க அவர் கூறிய உவமை இது. எனினும் யாழை உவமையாக எடுத்தபோது அவர் கண்டதும் அதன் வடிவை அன்று. அது செய்யும் செயலையே. ஒலியாத கருவிக்கு அழகுண்டு. ஆனால் அவ்வழகு நாற்காலிக்கும் பெட்டிக்கும் உரிய அழகேயாம்.

மூன்றாவது நியாயம் வலியது. சேர்த்து வைப்பவர் இல்லையேல் கருவிகள் அழிந்துபோகும் என்பதே அது. இதனை மறுப்பது மட்டக்களப்பாருக்கு எளிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்து யாழ் நூலை இயற்றியமை யாவரும் அறிந்தது. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்பவற்றின் அமைப்பை அவர் செய்யுளிலும் உரையிலுமிருந்தே தேடிப் பெறவேண்டியிருந்தது. அந்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதத்திலே அடிகள் மறைந்தார். பழந்தமிழர் எவரேனும் யாழொன்றை மூடியேனும் வைத்திருந்து அஃது எஞ்சியிருப்பின், அடிகளின் உழைப்பிற் பெரும்பகுதி குறைந்திருக்கும் அன்றோ?

இவ்வாதத்தை யான் மதிக்கின்றேன். ஆயின், யாழ் மறைந்தது மரம் இல்லாமையாலா? நரம்புக் கருவி செய்யும் தொழில் தமிழகத்தில் ஒருபோதும் அற்றுவிடவில்லை. வீணை செய்தோர் இருந்தனர். மறைந்தது யாழை மீட்டும் கையும் அக்கைக்குப் பயிற்சியளித்த மரபுமே. அடிகள் தேடியதும் மரவடிவை மட்டுமன்று. நரம்புகளின் சுருதிமுறையையும் பண்களின் இயல்பையுமே அவர் மிகுதியாகத் தேடினார். எஞ்சிய மரம் ஒன்று கிடைத்திருப்பினும் அது தன் சுருதியைத் தானே கூறியிராது. சேமிப்போர் கருவியின் உடலைக் காக்கின்றனர். பயில்வோரே அதன் உயிரைக் காக்கின்றனர். உடலைக் காப்பதும் ஒரு தொண்டே. ஆயின், அருங்காட்சியகம் தன் கதவைப் பிறர்க்குத் திறந்து வைப்பதனாலேயே அத்தொண்டைச் செய்கின்றது. என் அலுமாரி எவர்க்கும் திறந்ததன்று.

பொருளை ஒரே வீட்டிற் குவிப்பது காவலும் ஆகாது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கல்லடிக் கரையிலும் பறங்கியர் குடியிருப்பாகிய டச்பாரிலும் புகுந்தபோது மனித உயிர்களோடு வீடுகளும் உடைமைகளும் சேர்ந்தே அழிந்தன. இக்கரையில் வாழ்வோர்க்கு, பல கைகளிற் பரந்திருப்பதே எஞ்சுதற்கு வாய்ப்புடையது என்பது நூலிற் கற்ற பாடமன்று.

இனி, ஒரு கருவி யாருக்கு உரியது என்ற வினாவை மெய்யியலாளர் எவ்வாறு அணுகினர் எனப் பார்ப்போம். குழல்களைப் பங்கிடுங்கால் உயர்குடிப் பிறந்தோர்க்கு அன்றி, நன்கு ஊதுவோர்க்கே சிறந்த குழலை அளிக்கவேண்டும் என ‘அரசியல்’ நூலில் அரிஸ்டோட்டில் கூறினார். அமர்த்தியா சென் 2009 இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு குழலுக்காக மூன்று குழந்தைகள் வாதிடுகின்றனர். ஒரு குழந்தை தனக்கு மட்டுமே ஊதத் தெரியும் என்கின்றது. மற்றொன்று தனக்கு வேறு விளையாட்டுப் பொருளே இல்லை என்கின்றது. இன்னொன்று அக்குழலைச் செய்தவரே தாம் என்கின்றது. மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஒன்றை ஏற்று ஏனையவற்றை எளிதிற் புறந்தள்ள இயலாது என்பது அவர் கருத்து.

அவ்வரிசையில் நான்காவதாக யான் சென்று நின்று, “என்னிடம் மூன்று குழல்கள் உள்ளன; வரிசை நிறைவு பெற இதுவும் வேண்டும்” என்று கூறினால் என்னாகும்? குழந்தைகள் மூவரும் தம் பூசலை மறந்து நகைப்பர். விலை கொடுத்து வாங்கும் உரிமை சட்டத்தின்படி எனக்கு உண்டு. ஆயினும் சென் காட்டிய மூவகை நியாயங்களுள் ஒன்றேனும் என் பக்கம் இல்லை. அரிஸ்டோட்டிலின் விதியும் எனக்குத் துணை செய்யாது. ஆயின், அவ்விதியிலும் ஒரு குறையுண்டு. வல்லோர்க்கே கருவி எனின், வல்லவராக வேண்டிய சிறுமிக்குக் கருவி எங்ஙனம் கிட்டும்? பயில்வதற்குக் கருவி கிடைத்த பின்னரன்றோ எவரும் வல்லவராவர்? ஆதலின், உள்ள திறமையை மட்டுமன்றி, உண்டாகத்தக்க திறமையையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

இவற்றையெல்லாம் கருதும்போது, புதிய கருவியைத் தெரிவு செய்வோர் முதலில் வினவவேண்டியது அதன் மரத்தையோ விலையையோ பற்றியன்று. இதற்கு வழங்க என்னிடம் நேரம் உளதா என்பதே முதல் வினா. நாளொன்றுக்கு அரைமணி நேரம் வாசிக்கக்கூடிய ஒருவர்க்குக் கிழமையில் மூன்றரை மணி நேரமே உண்டு. கருவிகள் பெருகினும் அந்நேரம் பெருகாது. நான்காவது கருவி தன் நேரத்தை ஏனைய மூன்றிடமிருந்தே பெறவேண்டும். நேரம் இல்லையெனின், இதனை நேரமுள்ள கைக்கு அளிக்க யான் ஆயத்தமா என்பது இரண்டாம் வினா. இரண்டுக்கும் இல்லை என்பதே விடையாயின், நாம் வாங்குவது இசைக்கருவியை அன்று. ஒரு மௌனத்தையே வாங்குகின்றோம்.

எனவே ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைத்திருத்தல் தவறு என்று யான் கூறவரவில்லை. தாம் வாசிப்பவற்றையும் பிறர் வாசிக்கக் கொடுப்பவற்றையும் உடையவரின் சேகரம் ஊருணியை ஒத்தது. அது வளர்தல் ஊர்க்கும் நன்று.

ரெனரின் பாலத்தை ஊரிலுள்ள மரவேலைக்காரர் ஒருவர் மீள ஒட்டித் தந்தார். அதனை என் மருமகளிடம் ஒப்படைத்தேன். தாய்வழிக் குடிமரபு போற்றும் இப்பிரதேசத்தில் மாமன் பொருள் மருமகளிடம் சேர்வது புதுமையன்று. காலந் தாழ்த்தியமையே என் தவறு. பரிரோனை இன்னும் வாங்கவில்லை. கொன்சேர்ட்டும் தனக்குரிய கையை அடைந்த பின்னர் அதனைப் பற்றி எண்ணலாம் எனத் துணிந்துள்ளேன். நம் வாவியின் பாடும் மீன்களைக் கேட்க விரும்புவோர் முழுநிலா இரவிலே தோணியிற் சென்று, துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் நுனியிற் காதை வைப்பர். அவ்விசையை எவரும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. ஆயினும் அதனை எம்முடையது என்று நாம் அனைவரும் கூறுகின்றோம்.