வட்டி இல்லை, கடன் உண்டு

போன வருஷம் தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்த காசில் அம்மாவுக்கு முதல் புடவை. வீட்டில் அப்படித்தான் சொன்னேன். தீபாவளிக் காலையில் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் பார்த்தவர்களிடம் எல்லாம் "தம்பி எடுத்துக் கொடுத்தது" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு அந்தப் புடவைக்கு மூன்றில் ஒரு பங்கு காசுதான் கட்டியிருந்தேன். மூன்று தவணை, வட்டி இல்லை என்ற சலுகையில் எடுத்தது. அதே மாதம் ஒரு ஹெட்ஃபோன், ஒரு ஜோடி காலணி. அவையும் மூன்று மூன்று தவணை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னத் தொகை. கூட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை, இத்தனைக்கும் நான் பொறியியல் மாணவன்!

டிசம்பர் பள்ளி விடுமுறையில் டியூஷன் நின்றது. தவணைகள் என் மாணவர் கிரெடிட் கார்டிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருந்தன. கார்டு பில் வந்தபோது, குறைந்தபட்சத் தொகை 50 வெள்ளி என்று போட்டிருந்தது. அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த பில்லில் வட்டி. அதற்கடுத்த மாதம் தேதியை மறந்ததில் தாமதக் கட்டணம். கடிதம் அம்மா கையில் கிடைத்தது. தன் சேமிப்பிலிருந்து மொத்தத்தையும் கட்டிவிட்டுக் கேட்டார்: "கடன் வாங்கினேன்னு ஏன்டா சொல்லல?"

"கடன் இல்லம்மா, தவணை" என்றேன்.

இந்தப் பதில்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வட்டி இல்லை என்று சொன்னது பொய்யா? இல்லை. தவணைத் திட்டத்தில் வட்டி கிடையாதுதான். ஆனால் தவணை கழிந்தது கார்டிலிருந்து. கார்டு பில்லை முழுசாகக் கட்டும்வரைதான் அங்கே வட்டி இல்லை. கட்டாவிட்டால், சிங்கப்பூரில் வழக்கமாக ஆண்டுக்கு 26 முதல் 28 சதவீதம் வரை வட்டி. பொருள் வாங்கிய நாளிலிருந்தே நாள் கணக்கில் ஏறும். பாக்கி இருக்கிறவரை, புதிதாக வாங்குகிற கோப்பிக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். கார்டில் 1,800 வெள்ளிக்கு மடிக்கணினி வாங்கியிருக்கிறோம். வட்டி 27 சதவீதம் என்றால் மாதத்துக்கு 40 வெள்ளி 50 காசு. குறைந்தபட்சத் தொகை 3 சதவீதம், அதாவது 54 வெள்ளி. நாம் கட்டிய 54 வெள்ளியில் கடனைக் குறைப்பது பதின்மூன்றரை வெள்ளிதான்!

ஆறு மாதத்துக்கு 0 சதவீதத்தில் ரொக்கம் தருகிற சலுகையும் இப்படித்தான். 1,000 வெள்ளிக்குக் கட்டணம் 25 வெள்ளி என்றால் இரண்டரை சதவீதம்தானே என்று தோன்றும். அது ஆறு மாதத்துக்கு. வருஷக் கணக்கில் 5 சதவீதம். அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டு வந்தால் அதைவிடக் கூடுதல். விளம்பரத்தின் அடியில் ஈ.ஐ.ஆர். என்று பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். உண்மையான விலை அதுதான்.

பாட்டி காலத்தில் பஃபலோ ரோட்டு மளிகைக் கடையிலும் வட்டியில்லாக் கடன் இருந்தது. 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் பாட்டி கட்டிவிடுவார். கட்ட முடியாமல் போனால் பாட்டிக்கும் கஷ்டம், கடைக்காரருக்கும் நஷ்டம். இரண்டு பேரும் வேண்டிக்கொண்டது ஒன்றையே: கடன் அடைய வேண்டும்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் வட்டிக்குத்தான் கடன் கொடுத்தார்கள். அவர்களிடம் கடன்பட்டுச் சொத்தை இழந்தவர்களும் உண்டு. ஆனால் வட்டி என்பதை வட்டி என்றே சொன்னார்கள்.

இப்போதைய சலுகையில் நான் ஒழுங்காகக் கட்டினாலும் அவர்களுக்கு வருமானம் உண்டு, கடைக்காரரிடமிருந்து. நான் தவறினால் அதற்கு மேலும் வருமானம். என் தவறு ஒருவருக்கு லாபம் என்றால், அவர் என் நினைவாற்றலுக்காகக் கோயிலில் அர்ச்சனையா செய்வார்?

என் நண்பன் ஒருவன் வாதாடினான்: "நான் எல்லாத்தையும் நேரத்துக்குக் கட்டறேன். அவங்க காசு, சும்மா கிடைக்குது. இதுல என்னடா தப்பு?" கணக்குப்படி அவன் சொல்வது சரி. ஆனால் அந்தச் 'சும்மா'வுக்கு யாரோ கட்டுகிறார்கள். கடைக்காரர் கட்டுகிற கட்டணம் விலையில் ஏறி, ரொக்கம் கொடுக்கிறவர் தலையிலும் விழுகிறது. மிச்சத்தைத் தேதியை மறந்தவரும் வேலை போனவரும் கட்டுகிறார்கள். அவன் செய்வது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் சலுகைக்குக் கட்டியவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

சட்டதிட்டங்கள் இல்லாமல் இல்லை. 2022 அக்டோபரில் சிங்கப்பூர் ஃபின்டெக் சங்கம் இந்தத் தவணை நிறுவனங்களுக்கு ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தில் 2,000 வெள்ளிக்கு மேல் பாக்கி வைக்கக் கூடுதல் தகுதிச் சோதனை வேண்டும். தாமதக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. நல்லதுதான். ஆனால் 'தவணை' என்று சொல்லி அம்மாவை ஏமாற்றியதை எந்த நெறி தடுக்கும்?

தமிழில் கடன் என்றால் கடமை என்றும் பொருள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி தூக்குகிறோமே, அதற்குப் பெயர் நேர்த்திக்கடன். 1859இல் அந்தக் கோயிலைக் கட்டியவர்களும் வட்டித் தொழில் செய்த அதே செட்டியார்கள்தான். காவடிக் கடனை யாரும் மறைப்பதில்லை. ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம், நம் தோளிலேயே சுமக்கிறோம். தேவ ரிணம், ரிஷி ரிணம், பித்ரு ரிணம் என்று மூன்று கடனோடுதான் பிறக்கிறோம் என்கிறது நம் மரபு. ஆகவே கடன்படுவது இழிவு என்று எனக்குத் தோன்றவில்லை. கடனை வேறு பெயரில் ஒளித்துவைப்பதும், அதை அடுத்தவர் தோளில் இறக்குவதும்தான் இழிவு.

இப்போது நான் மூன்று காரியம் செய்கிறேன். கார்டு பில் முழுத் தொகையும் கைரோவில் கழிகிறது. எந்தத் தவணையையும் கார்டோடு இணைப்பதில்லை. வாங்கும் முன் "இதைக் கடன் வாங்கித்தான் வாங்குகிறேன்" என்று வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்கிறேன். மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம். சொல்ல வாய் வராதபோது, பெரும்பாலும் அந்தப் பொருள் எனக்குத் தேவைப்படுவதில்லை.

அம்மாவுக்குத் தர வேண்டியதை மாதம் 50 வெள்ளியாகக் கொடுத்துவருகிறேன். வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் ஒரு 555 நோட்டு வாங்கி எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. இந்த தீபாவளிக்கும் அம்மா அதே புடவையைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கடன் அடைந்துவிடும். அப்போதுதான் அது நான் எடுத்துக் கொடுத்த புடவை.