காலடி அழுக்கு

தர்மசங்கடங்கள் பெரிய இடங்களில்தான் பிறக்கின்றன என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனனுக்கு வந்த சங்கடத்தைப் பற்றி உபந்நியாசம் கேட்கிறோம். மகுடத்துக்கும் மரவுரிக்கும் நடுவே நின்ற பரதனைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்துகிறோம். எனக்கு வந்த சங்கடமோ ஒரு கார் மிதியடியிலிருந்து வந்தது. பின் ஆசனத்தில் உட்காருகிறவர்கள் கால் வைத்துக் கொள்வதற்காக விரித்திருக்கும் சிறு துண்டு அது. மேலே கம்பளம், அடியில் ரப்பர். இதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கிறவர்கள் சற்றே பொறுத்துக் கொள்ள வேண்டும். முகம் சுளிப்பதைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

விடுமுறையில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சமர்த்தாக வந்த என் ஏழு வயதுப் பெண், இறங்கும்போது பாதி வழிக்குள் வயிற்றிலிருந்ததை எல்லாம் காருக்குள்ளேயே எடுத்துவிட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்தினோம். குழந்தையின் முகத்தைக் கழுவினோம்; சட்டையை மாற்றினோம்; எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம். மிதியடியை மட்டும் யாரும் தொடவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை அதன்மேல் பரப்பி மூடிவிட்டுப் புறப்பட்டோம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்றுதானே அர்த்தம்!

சென்னை வந்து சேரும்போது இரவு மணி பதினொன்று.

"அந்த மேட்டை என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"வெளியே எடுத்துப் போடுங்க. காலையிலே கார் துடைக்கிறவர் வந்து கழுவிடுவார்" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் தவறு என்ன? அதற்குத்தானே அவருக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கிறோம்? இரண்டு விரல்களால் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டு போய், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூணின்மேல் சாய்த்து வைத்தேன். மாடிக்கு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக் கொண்டேன். மூன்று முறை கழுவினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை உலாவப் போவதற்காகக் கீழே இறங்கியவன், தூணுக்கு அருகில் வந்ததும் நின்றேன். அந்த மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிதியடியைக் கழுவிக் கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும். கையில் உறை கிடையாது. வெறும் விரல்களால் கம்பளத்தின் மயிர்களுக்குள் துழாவி, ஒட்டிக் காய்ந்திருந்ததைச் சுரண்டி எடுத்துக் கொண்டிருந்தார். நான் ஒன்றும் தெரியாதவன் போல நழுவிவிடப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு இப்போ தேவலையா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாப்பாவுக்குத்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆரஞ்சு மிட்டாய் கலர் தெரிஞ்சுது சார். பெரியவங்க அதையா தின்னப் போறாங்க?" என்று சிரித்தார். பிறகு, கேட்டுவிட்டோமே என்று நினைத்தவர் போலத் தயங்கிச் சொன்னார்: "ரெண்டு மாசம் முன்னாலே உங்க சீட்டுக் கீழே பொரியும் சாமந்தி இதழுமா ஒட்டிக்கிட்டிருந்தது. துக்கம்னு தெரிஞ்சுது. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது. கேக்கலை சார்."

என் சிற்றப்பா காலமாகி, நான் அவருடைய இறுதி ஊர்வலத்தோடு நடந்து விட்டு வந்த நாள் அது. அலுவல் நண்பர்கள் சிலருக்கு அந்தச் செய்தி இன்னும் தெரியாது. இவருக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்திருக்கிறது.

நான்கு வருஷமாக அவர் என் காரைத் துடைக்கிறார். என் வீட்டின் சுகதுக்கங்கள் அத்தனையையும் என் காலடி மண்ணிலிருந்தே படித்துக் கொண்டிருக்கிறார். நானோ அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

காஞ்சிபுரத்தில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டரின் கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாகச் செய்த வண்ணார் அவர். அடியவர்களின் குறிப்பறிந்து நடந்ததனால் அந்தப் பெயர். ஒரு நாள் இறைவன் மெலிந்த ஏழை அடியவராக, அழுக்குக் கந்தையோடு வந்தார். மாலைக்குள் வெளுத்துத் தருவதாக வாங்கிக் கொண்டார் தொண்டர். மழை பிடித்துக் கொண்டது, விடவே இல்லை. துணி உலரவில்லை. கிழவர் குளிரில் நடுங்குவாரே என்று பதறித் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதிக் கொண்டார். கல்லிலிருந்து இறைவன் கை தோன்றித் தடுத்தது என்று பெரிய புராணம் சொல்கிறது.

சிறு வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம் வெளுத்தவரின் பெருமையை மட்டுமே நினைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அழுக்கைக் கொடுத்தவரைப் பற்றி நினைத்தேன். அழுக்கைக் கொடுத்தவர் கடவுள். அந்த உரிமை அவருக்கு உண்டு. எனக்கு உண்டா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கல்பத்தோடு கீழே இறங்கினேன். நான்கு மிதியடிகளையும் நானே கழுவுவது! வாளி, பிரஷ், சோப்புத்தூள் எல்லாம் தயார். எடுத்த எடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன். அது முதல் தவறு. கம்பள மிதியடியை நனைப்பதற்கு முன்னால் தலைகீழாகப் பிடித்துச் சுவரில் நன்றாக அடிக்க வேண்டும். உலர்ந்த புழுதி அப்போதுதான் உதிரும். நனைத்துவிட்டால் புழுதி சேறாகி, மயிர்களின் வேருக்குள் இறங்கி உட்கார்ந்து கொள்ளும். பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் கறுப்புத் தண்ணீர் வந்து கொண்டேயிருக்கும். எனக்கு வந்தது. அரைகுறையாக உலர்ந்ததைத் திரும்ப விரித்தது இரண்டாவது தவறு. மறுநாள் காருக்குள் பூஞ்சை நாற்றம் பிடித்துக் கொண்டது.

மூன்றாவது தவறு பெரியது. அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஓட்டுகிறவர் காலடி மிதியடியைக் குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டார்.

"கொக்கி மாட்டலையே சார்! இது முன்னாலே நகர்ந்து ஆக்ஸிலேட்டர்லே ஏறிக்கிட்டா என்ன ஆவுறது?"

அந்த இடத்தில் தரையில் இரண்டு சிறு கொக்கிகள் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்துச் சான்டியாகோ நகரத்துக்கு அருகே ஒரு கார் கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளாயிற்று. அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். வேறு வண்டிக்கு உரிய ரப்பர் மிதியடி ஒன்றை அதில் விரித்திருந்தார்கள்; வேகம் கூட்டும் மிதி அதில் சிக்கிக் கொண்டு மேலே எழும்பவில்லை. அடுத்த மாதமே, அந்தக் கம்பெனி தயாரித்த சுமார் 38 லட்சம் கார்களின் சொந்தக்காரர்களுக்கு, ஓட்டுகிறவர் பக்கத்து மிதியடியை எடுத்துவிடச் சொல்லி அறிவிப்புப் போயிற்று. நான் அற்பம் என்று நினைத்திருந்த துண்டு இது! விடியற்காலையில், நான் தூங்கிக் கொண்டிருக்கும்போது, ஒரு மனிதர் அதைக் கழுவி உலர்த்திக் கொக்கியில் மாட்டி என் உயிரையும் பத்திரப்படுத்திவிட்டுப் போய்க் கொண்டிருந்திருக்கிறார்.

கொக்கியை மாட்டிவிட்டு அவர் உடனே போகவில்லை. துடைக்கும் துணியை முறுக்கிக் கொண்டே நின்றார்.

"என் வேலையிலே ஏதாச்சும் குறையா சார்? நீங்களே கழுவ ஆரம்பிச்சுட்டீங்களே?"

என் சங்கல்பம் அந்த ஒரு கேள்வியில் பொடிப் பொடியாயிற்று. நான் எதைப் பிராயச்சித்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேனோ, அது அவருக்கு வேலை போகப் போகிறதற்கான அறிகுறியாகப் பட்டிருக்கிறது. என் மனசாட்சியைக் கழுவிக் கொள்வதற்கு அவருடைய 600 ரூபாயைச் சோப்பாக உபயோகித்திருக்கிறேன்!

நல்லதைச் செய்கிறோம் என்ற கர்வம் பெரியவர்களையே தடுமாற வைத்திருக்கிறது. 1898-இல் டர்பனில் காந்திஜியின் வீட்டில் நடந்ததை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் சிறுநீர்ச் சட்டியைக் கஸ்தூரிபாய் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கண்ணில் நீர் வழிய எடுத்துச் சென்றார். அது போதவில்லை காந்திஜிக்கு. முகமலர்ச்சியோடு எடுத்துப் போக வேண்டும் என்றார். வார்த்தை தடித்தது. மனைவியின் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துப் போய்விட்டார். அதற்காக அவர் பிற்பாடு வெட்கப்பட்டதை மறைக்கவில்லை. அழுக்கை எடுக்கச் சொல்வது ஒரு சுமை. சிரித்துக் கொண்டே எடு என்பது அதன்மேல் ஏற்றுகிற இன்னொரு சுமை. நானும் இத்தனை நாளாய் அதைத்தானே எதிர்பார்த்து வந்திருக்கிறேன்? காலையில் என்னைக் கண்டதும் அவர் சிரிக்க வேண்டும். நான் தலையை அசைக்க வேண்டும்.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கணக்கில் கெட்டிக்காரர்.

"நீர் கதை எழுதுகிறவர். எதற்கெடுத்தாலும் உருகிப் போவீர்" என்றார். "பணம் கொடுக்கிறீர், வேலை வாங்குகிறீர். அவருக்கும் நஷ்டமில்லை, உமக்கும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்யவில்லையா? எல்லாரும் தங்கள் தங்கள் அழுக்கைத் தாங்களே கழுவுவதென்றால் உலகத்தில் பாதிப் பேருக்குப் பிழைப்பு போய்விடும்."

அவர் சொன்னதில் முக்கால் பங்கு நியாயம்தான். நான் கழுவப் போய் ஒரு மனிதர் பயந்ததைக் கண்ணால் கண்ட பிறகு, அதை மறுக்க எனக்கு வாயில்லை. ஆனால் மீதிக் கால் பங்கு இருக்கிறதே, அங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவனால் எழுந்திருக்க முடியாது. முடியாதவன் இன்னொருவர் கையை நாடுவதில் குற்றமில்லை. நாளைக்கு நாம் எல்லாருமே அந்தக் கட்டிலுக்குப் போகிறவர்கள்தாம். அன்றிரவு எனக்கு என்ன முடியாமை? கை கால் நன்றாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. பத்து நிமிஷ வேலை. நான் அதைச் செய்யாததற்கு நேரமின்மை காரணமல்ல, களைப்புக்கூடக் காரணமல்ல. அருவருப்பு ஒன்றுதான் காரணம். அதுவும் யாரிடத்தில்? என் சொந்தக் குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததனிடத்தில். பெற்ற தகப்பனுக்கே சகிக்காததை, பெறாத ஒருவர் சகித்துக் கொள்ள வேண்டும் என்று தூணோரம் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

தெருப் புழுதியும் மழைச் சேறும் அவர் ஒப்புக் கொண்ட வேலை. அதற்குக் கூலி பேசியிருக்கிறோம். என் அருவருப்புக்கு யாரும் கூலி பேசவில்லை. பேசவும் முடியாது. மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் மட்டும் அவருடைய மூக்கு என் மூக்கை விட மட்டமாகிவிடுமா? வேலையைக் கொடுக்கலாம், அருவருப்பைக் கொடுக்கக் கூடாது. நாம் தொடக் கூசுவதுதான் நாம் முதலில் தொட வேண்டியது. அந்தக் கூச்சத்தைத் தள்ளிவிட்டுக் கொடுக்கிற வேலை, வேலை. கூச்சத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுகிற வேலை, அவமானம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்கிக் கொள்கிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகாது. என் செருப்பில் ஒட்டிய சாமந்தி இதழைப் படிக்கத் தெரிந்தவருக்கு, நான் இரண்டு விரலால் பிடித்துக் கொண்டு போய் வைத்ததைப் படிக்கத் தெரிந்திராதா?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பிரயாணம் முடிந்து வந்தால், பையை இறக்குமுன் மிதியடிகளை எடுத்து உதறிவிடுகிறோம். பெண்ணும் ஒன்றை எடுத்துச் சுவரில் அடிக்கிறாள். அவளுக்கு அது விளையாட்டு. வீட்டு மனிதர்களின் உடம்பிலிருந்து வந்தது எதுவானாலும் நாங்களே கழுவிவிடுகிறோம். மற்றதை அவர் கழுவுகிறார். கொக்கியையும் அவரே மாட்டுகிறார். அந்த விஷயத்தில் அவர் என்னை இன்னும் நம்புவதில்லை. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். நான்கு வருஷம் கழித்துக் கேட்ட பெயரை இங்கே எழுதிப் பெருமைப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

சென்ற மாதம் இரண்டு நாட்கள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து வழக்கம்போல வாளியை வைத்தார், துணியை நனைத்தார். முகம் சரியாக இல்லை. என்னவாக இருக்கும் என்று மேலேயிருந்து பார்த்துக் கொண்டு நின்றேன். அவர் என் வீட்டைப் பற்றித் தெரிந்து கொள்ள என்னைக் கேட்க வேண்டியதில்லை. என் மிதியடி சொல்லிவிடும். அவருடைய காலடி மண்ணை நான் கழுவியதில்லை. எனக்கு அது ஒன்றும் சொல்லாது.

ஆகவே, கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.